அதிகம் பேசாத அம்மாவின் குழந்தை பேச்சில் பின்தங்குமா?

கேள்வி: என் மகனுக்கு ஒரு வயது பத்து மாதம் ஆகிறது. பதினைந்து வார்த்தை போலத்தான் சொல்கிறான். நாங்கள் சொல்வது எல்லாம் புரிகிறது. வேண்டியதைக் கைகாட்டியோ, என் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயோ வாங்கிக்கொள்கிறான். நான் இயல்பிலேயே அதிகம் பேசாதவள். குழந்தையிடம் நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று எங்கே பார்த்தாலும் எழுதுகிறார்கள். முயன்று பார்த்தேன், சுவரிடம் பேசுவது போல இருக்கிறது. சாயங்காலத்துக்குள் தொண்டை வற்றிவிடுகிறது. அப்புறம் போனில் பாட்டு வீடியோ போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். பட அட்டைகளும் வாங்கி வைத்திருக்கிறேன், அவற்றைப் பார்த்தாலே ஓடுகிறான். மாமியார், "இவன் அப்பாவும் மூணு வயசுலதான் வாயைத் திறந்தான், விடும்மா" என்கிறார். வீட்டில் இரண்டு மொழி பேசுகிறோம். அதில் ஒன்றை நிறுத்தச் சொல்கிறார்கள் சிலர். நான் பேசாததால்தான் இவன் பேசவில்லையா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. குழந்தையோடு யாருமே பேசாத வீடு வேறு, அம்மா கொஞ்சம் அமைதியானவராக இருக்கும் வீடு வேறு. உங்கள் கடிதத்தைப் படித்தால் நீங்கள் இரண்டாவது ரகம் என்று தெரிகிறது. பேச்சுப் பயிற்சிக்கு என்னிடம் வரும் குழந்தைகளில் வாய் ஓயாத வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. அந்த வீடுகளில் குழந்தைக்கு வாயைத் திறக்க இடமே கிடைப்பதில்லை. அது "ம்..." என்று ஆரம்பிப்பதற்குள் மூன்று பேர் வாக்கியத்தை முடித்துவிடுகிறார்கள். அமைதியானவர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு வசதி இருக்கிறது, அவர்களுக்குக் காத்திருக்க வரும். இந்த வேலையில் பாதி அதுதான்.

"நாள் முழுக்கப் பேசுங்கள்" என்ற அறிவுரை இவ்வளவு பரவியதற்கு ஒரு ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் பெட்டி ஹார்ட், டாட் ரிஸ்லி என்ற இருவர் 42 குடும்பங்களின் வீடுகளுக்கு மாதம் ஒரு மணி நேரம் போய், குழந்தைக்கு மூன்று வயதாகும் வரை, அங்கே பேசப்பட்டதைப் பதிவு செய்தார்கள். 1995-இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார்கள். வசதியான வீட்டுக் குழந்தைக்கும் ஏழை வீட்டுக் குழந்தைக்கும் நாலு வயதுக்குள் காதில் விழும் சொற்களில் 3 கோடி வித்தியாசம் வரும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. அந்த 3 கோடி உலகம் முழுக்கச் சுற்றிவிட்டது. 42 வீடுகளில் மாதம் ஒரு மணி நேரம் கேட்டதை வருடக்கணக்குக்குப் பெருக்கி எடுத்த எண் அது என்ற விவரம் மட்டும் கூடவே சுற்றவில்லை. பின்னால் வந்த ஆய்வாளர்கள், இடைவெளி உண்மையிலேயே அவ்வளவு பெரியதா என்று கேட்டிருக்கிறார்கள். என் அபிப்பிராயம் என்னவென்றால், அந்த எண்ணால் அம்மாக்களுக்குக் கிடைத்த உதவியைவிடக் குற்ற உணர்ச்சிதான் அதிகம்.

அதற்குப் பிறகு நடந்த இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன், உங்கள் தொண்டைக்கு அவை ஆறுதலாக இருக்கும். 2013-இல் அட்ரியானா வைஸ்லெடர், ஆன் ஃபெர்னால்ட் இருவரும் 19 மாதக் குழந்தைகள் நாள் முழுக்கக் கேட்கும் பேச்சைப் பதிவு செய்து, அதை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று குழந்தையைப் பார்த்துப் பேசியது. இன்னொன்று பெரியவர்கள் தங்களுக்குள் பேசியது, குழந்தையின் காதில் தற்செயலாக விழுந்தது. இரண்டு வயதில் குழந்தைக்கு எத்தனை சொற்கள் தெரிந்திருந்தன என்பது முதல் வகைப் பேச்சோடு மட்டுமே பொருந்தி வந்தது. அடுத்தது 2018-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் நடந்தது. 4 முதல் 6 வயதுக் குழந்தைகளின் வீட்டுப் பேச்சைப் பதிவு செய்தார்கள். பிறகு அதே குழந்தைகள் கதை கேட்கும்போது மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். பெரியவரும் குழந்தையும் மாற்றி மாற்றி எத்தனை முறை பேசிக்கொண்டார்கள் என்பதுதான் மூளையின் மொழிப் பகுதி எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தது என்பதோடு ஒத்துப்போனது. காதில் எத்தனை சொல் விழுந்தது என்பது அப்படி ஒத்துப்போகவில்லை.

ஆக, நீங்கள் எண்ண வேண்டியது சொற்களை அல்ல, முறைகளை. ஒருவர் ஒன்று சொல்ல, மற்றவர் ஏதோ ஒரு விதத்தில் பதில் தந்தால் அது ஒரு முறை. உங்கள் பையன் தன் பங்குக்குச் சொல்தான் தர வேண்டும் என்பதும் இல்லை. அவன் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்து "ஆ!" என்கிறான். "ஃபேன் சுத்துது" என்கிறீர்கள். அவன் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி ஃபேனைக் காட்டுகிறான். அங்கே ஒரு உரையாடல் நடந்துவிட்டது. நீங்கள் பேசியது இரண்டே வார்த்தை.

இதை எப்படிச் செய்வது என்பதில் முதல் விஷயம், அவன் கண் எங்கே போகிறதோ அங்கே நீங்களும் போவது. பெரும்பாலும் நாம் செய்வது இதற்கு நேர் எதிர். பையன் தரையில் உட்கார்ந்து ஒரு டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருக்கிறான். நாம் பொம்மைக் காரைத் தூக்கிக்கொண்டு வந்து, "இங்க பாரு, காரு! காரு எப்படிப் போகும்? சொல்லு!" என்கிறோம். பாவம், அவன் மூடியை விட வேண்டும், காரைப் பார்க்க வேண்டும், கேள்வியைக் கேட்க வேண்டும், மனசு இன்னும் மூடியிலேயே இருக்கும். அதே இடத்தில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "மூடி... டைட்டா இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். கையில் இருப்பதற்கும் மனதில் ஓடுவதற்கும் உரிய சொல் அந்த நொடியிலேயே அவன் காதில் விழுகிறது, அதைத் தேடிப் பொருத்தும் வேலை அவனுக்கு இல்லை. டொமசெல்லோ, ஃபாரர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986-இலேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். குழந்தை ஏற்கெனவே கவனித்துக்கொண்டிருந்த பொருளுக்குப் பெயர் சொன்னபோது அந்தச் சொல் நன்றாகப் பதிந்தது. கவனத்தை வேறு பொருளுக்குத் திருப்பிவிட்டுச் சொன்னபோது அவ்வளவாகப் பதியவில்லை.

அட்டைகளைப் பார்த்து அவன் ஓடுவதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அதில் இருக்கும் யானையில் அவனுக்கு எந்த வேலையும் இல்லை. டப்பா மூடியில் இருக்கிறது.

அடுத்தது காத்திருப்பது. நீங்கள் ஒன்று சொன்னதும் நிறுத்துங்கள். மனதுக்குள் மெதுவாகப் பத்து வரை எண்ணுங்கள். எண்ணும்போது போனைப் பார்க்காமல் அவன் முகத்தைப் பாருங்கள். பத்து என்பது கேட்பதற்குச் சின்ன எண். எண்ணிப் பார்த்தால்தான் எவ்வளவு நீளம் என்று தெரியும். பெரியவர்கள் நாம் ஓரிரு நொடியிலேயே பொறுமை இழந்து அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுகிறோம். குழந்தைக்கு ஏன் அவ்வளவு நேரம்? மேலே சொன்ன ஆன் ஃபெர்னால்ட் இன்னொரு சோதனை செய்திருக்கிறார். இரண்டு படங்களைக் காட்டி, ஒன்றின் பெயரைச் சொல்லி, குழந்தையின் கண் எப்போது சரியான படத்துக்குத் திரும்புகிறது என்று அளந்தார். 15 மாதக் குழந்தைகள் அந்தச் சொல் முழுதாகச் சொல்லி முடிந்த பிறகுதான் கண்ணைத் திருப்பினார்கள். 24 மாதக் குழந்தைகளுக்குச் சொல் முடிவதற்கு முன்பே கண் போய்விட்டது. உங்கள் பையன் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறான். காதால் வாங்கிப் புரிந்துகொள்ளவே கொஞ்சம் நேரம் பிடிக்கும் வயதில், பதில் சொல்லைத் தேடி எடுத்து, நாக்கையும் உதட்டையும் அதற்கு வளைத்துக் கொண்டுவர இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தப் பத்து நொடியில் முகத்தில் என்னென்னவோ நடக்கும். கண் கொஞ்சம் விரியும். உடம்பு உங்கள் பக்கம் சாயும். மூச்சை இழுத்து வாயைக் குவிப்பான். அந்த இடத்தில் நீங்கள் உதவப் போனால் காரியம் கெட்டது. விட்டுவிடுங்கள், ஏதோ ஒரு சத்தம் வரும். வரும் சத்தம் எதுவானாலும் சரியான பதில் கிடைத்தது போல எடுத்துக்கொண்டு மேலே போங்கள். ஒன்றுமே வராவிட்டாலும் பாதகமில்லை. நீங்களே அந்தச் சொல்லை இன்னொரு தடவை சொல்லிவிட்டு வேலையைத் தொடருங்கள்.

மூன்றாவது, அவன் கொடுத்ததோடு ஒரு சொல்லைச் சேர்த்துத் திருப்பிக் கொடுப்பது. "பந்து" என்றால் "பந்து உருண்டு போச்சு." "தண்ணி" என்றால் "தண்ணி கொட்டிடுச்சு." "பாப்பா" என்றால் "ஆமா, பாப்பா அழுது." அவன் ஒரு சொல்லில் இருக்கிறான், நீங்கள் இரண்டு மூன்று சொல்லில் இருங்கள். அதைவிட நீளமாகப் போனால் அவனுக்கு எட்டாது. ஒற்றைச் சொல்லிலேயே நின்றால் மேலே ஏறப் படி இல்லை. உச்சரிப்பைத் திருத்த வேண்டாம். "நண்ணி" என்றால் "நண்ணி இல்ல, தண்ணி. எங்க, சொல்லு, த...ண்ணி" என்று நிறுத்திவைக்காதீர்கள். "தண்ணியா? இந்தா, தண்ணி" என்று கொடுத்துவிடுங்கள். சரியான ஒலி காதில் விழுந்துவிட்டது, தண்ணீரும் கிடைத்துவிட்டது. பேசினால் காரியம் நடக்கிறது என்பது அவனுக்குத் தெரிந்தால் போதும். அதற்காக நீங்களும் "நண்ணி" என்று மழலை பேசத் தேவையில்லை. குரலை உயர்த்தி, இழுத்து, ராகமாகப் பேசுவது நல்லதுதான், குழந்தைகளின் காது அதற்குத்தான் திரும்புகிறது. சொல் மட்டும் நிஜச் சொல்லாக இருக்கட்டும்.

"சொல்லு" என்ற வார்த்தையை ஒரு வாரத்துக்கு வீட்டில் யாரும் சொல்லாமல் இருந்து பாருங்கள். "இது என்ன? இது என்ன கலர்? மாடு எப்படிக் கத்தும்?" என்பவை எல்லாம் நமக்குப் பதில் தெரிந்த கேள்விகள். பரீட்சை வைக்கிறார்கள் என்பது ஒன்றரை வயதுக் குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடுகிறது, அதுவும் வந்தவர்கள் முன்னால் "அத்தைக்கு அந்த வார்த்தையைச் சொல்லிக் காட்டு" என்றால் கேட்கவே வேண்டாம். கேட்பதானால் நிஜமாகவே பதில் வேண்டிய கேள்வியாகக் கேளுங்கள். இரண்டு சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு "நீலச் சட்டையா, மஞ்சள் சட்டையா?" என்றால் அவன் தேர்ந்தெடுக்கிறான். கையை நீட்டினாலும் பதில்தான். "மஞ்சள் சட்டை. சரி, மஞ்சள் சட்டை போடலாம்" என்று அதற்குச் சொல் கொடுத்துவிடுகிறீர்கள்.

இதற்கெல்லாம் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. தினமும் அதே வரிசையில், அதே மாதிரி நடக்கும் வேலைகள்தான் இதற்கு ஏற்றவை, ஏனென்றால் அடுத்து என்ன வரும் என்று குழந்தைக்கு முன்கூட்டியே தெரியும். சட்டை மாட்டுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். தலை உள்ளே போகிறது. "தலை எங்க?" தலை வெளியே வருகிறது. "வந்துடுச்சு!" அப்புறம் கை. "கை எங்க... கை எங்க..." கை சட்டைக்குள் தடவித் தேடி வெளியே வருகிறது. "வந்துடுச்சு!" ஒவ்வொரு நாளும் இதே சொற்கள், இதே ராகம், மாற்ற வேண்டாம். நான்கைந்து நாள் ஆனதும், தலை வெளியே வரும்போது நீங்கள் "வந்துடுச்சு" சொல்லாமல் வாயைத் திறந்து, புருவத்தை உயர்த்தி, அவனைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். முதல் நாள் அவன் உங்களை வெறித்துப் பார்ப்பான். அடுத்த நாள் சிரிப்பான், சட்டையைப் பிடித்து இழுப்பான். ஒரு நாள் "ச்சு!" என்று அவனே முடிப்பான். ஜெரோம் புரூனர் என்ற உளவியலாளர், முகத்தை மூடித் திறந்து காட்டும் விளையாட்டை வைத்து இதைத்தான் விரிவாக எழுதினார். மாறாத ஒரு சட்டகத்துக்குள் முதலில் பெரியவர் எல்லாப் பங்கையும் செய்கிறார், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஒவ்வொரு பங்கையும் குழந்தை எடுத்துக்கொள்கிறது.

குளிக்க வைக்கும்போது ஒரு கப்பை அவன் கையில் கொடுங்கள். அவன் மொண்டு ஊற்றும்போது "ஊத்து", தீர்ந்ததும் "காலி", மறுபடி மொள்ளும்போது "இன்னும்". மூன்று சொல்தான், மூன்றும் அவன் கை செய்யும் காரியங்கள். காய்ந்த துணியை மடிக்கும்போது அவனைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒவ்வொன்றாக எடுத்து "அப்பாவோடது", "உன்னோடது" என்று பிரித்து வைத்துக்கொண்டே போங்கள். கொஞ்ச நாள் கழித்து அவனுடைய சட்டையை உங்கள் தோளில் போட்டுக்கொண்டு "என்னோடது" என்று வேண்டுமென்றே தப்பாகச் சொல்லுங்கள். சும்மா இருக்கும் குழந்தைகூடச் சண்டைக்கு வாயைத் திறக்கும்.

அவன் கைகாட்டியும் இழுத்துக்கொண்டு போயும் வேண்டியதை வாங்கிக்கொள்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் குறையாக எழுதியிருப்பது போலத் தெரிகிறது. கைகாட்டுவது மிக நல்ல அறிகுறி. இந்த வயதுக் குழந்தை பேச இருப்பதை முதலில் கையால்தான் பேசும். அப்பாவின் கண்ணாடியைக் காட்டி "அப்பா" என்று சொன்னால், ஒரு சொல்லும் ஒரு விரலும் சேர்ந்து "இது அப்பாவோட கண்ணாடி" என்ற வாக்கியம் ஆகிவிடுகிறது. இப்படிச் சொல்லையும் சைகையையும் சேர்க்கத் தொடங்கிய பிறகுதான் இரண்டு சொல் வாக்கியம் வருகிறது என்பதை ஐவர்சன், கோல்டின்-மெடோ ஆகியோர் 2005-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. எனவே கைகாட்டினால் "கை காட்டாதே, வாயால கேளு" என்று சொல்லாதீர்கள். அந்தக் கைக்கு உரிய சொல்லை நீங்கள் சொல்லுங்கள். கேட்பதற்கு அவனுக்குக் காரணம் கிடைக்கும்படி சின்னச் சின்ன ஏற்பாடு செய்யலாம். டம்ளரில் கொஞ்சமாகப் பாலை ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பது, பிடித்த பொம்மையைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, ஆனால் எட்டாத அலமாரியில் வைப்பது, அந்த மாதிரி. கேட்காமலே எல்லாம் கைக்கு வரும் வீட்டில் பேசத் தேவை குறைவு. ஆனால் "சொன்னாத்தான் தருவேன்" என்று பிடித்துவைப்பது வேறு விஷயம், அதைச் செய்யாதீர்கள். பத்து நொடி காத்திருந்து பார்த்துவிட்டு, சொல்லைச் சொல்லிக்கொண்டே கொடுத்துவிடுங்கள்.

வீடியோவுக்கு வருகிறேன். நீங்கள் களைத்துப்போய் உட்காருவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் ஓடும் பாட்டு மொழி கற்றுத் தருகிறது என்ற நம்பிக்கை மட்டும் வேண்டாம். 2003-இல் பாட்ரிசியா குல் குழுவினர் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். சில குழந்தைகளோடு சீன மொழி பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து விளையாடி, புத்தகம் படித்துக் காட்டினார்கள். வேறு சில குழந்தைகளுக்கு அதையே வீடியோவில் போட்டுக் காட்டினார்கள். நேரில் கேட்ட குழந்தைகளுக்கு அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்துணர முடிந்தது. வீடியோ பார்த்த குழந்தைகளுக்கும், அந்த மொழியே காதில் விழாத குழந்தைகளுக்கும் வித்தியாசம் இல்லை. வீடியோ காத்திருக்காது, அவன் "ஆ" என்றால் திரும்பிப் பார்க்காது. ஊரில் இருக்கும் தாத்தா பாட்டியோடு வீடியோ காலில் பேசுவதைப் பற்றிப் பயப்பட வேண்டாம். அந்தப் பக்கம் ஒரு ஆள் பதில் சொல்கிறார், அதனால் இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளும் அதில் புதுச் சொற்களைக் கற்கிறார்கள். 2019-இல் உலக சுகாதார நிறுவனம் கொடுத்த வழிகாட்டுதலில், ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டாம் என்றும் இரண்டு வயதில் ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் என்றும் இருக்கிறது. உங்களால் உடனே பூஜ்யத்துக்கு வர முடியாவிட்டால், யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் டிவியை முதலில் அணையுங்கள். அது ஓடும்போது பெரியவர்களும் பேச்சைக் குறைத்துவிடுகிறார்கள். பாட்டு வேண்டுமென்றால் நீங்களே பாடுங்கள். சுருதி சேராவிட்டால் என்ன, கடைசிச் சொல்லை விட்டுவிட்டு அவனைப் பார்க்க உங்களால் முடியும், போனால் முடியாது.

இரண்டு மொழியை நிறுத்த வேண்டியதில்லை. இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. உங்களுக்கு எந்த மொழியில் கொஞ்சவும் கோபப்படவும் தானாக வருகிறதோ அதில் பேசுங்கள். சொற்களை எண்ணும்போது இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணுங்கள்.

எண்ணுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெற்றோர்கள் பலர் குறைத்தே எண்ணுகிறார்கள். நாயைப் பார்த்து எப்போதும் "வவ்வவ்" என்றால் அது ஒரு சொல். தண்ணீருக்கு "ண்ணி", வண்டிக்கு "ட்ர்ர்", வேண்டாம் என்பதற்கு "ணா", எல்லாம் சொல்தான். ஒரே பொருளுக்கு, தானாகவே, திரும்பத் திரும்ப அதே ஒலியைச் சொல்கிறானா என்பதுதான் கணக்கு. ஒரு வாரம் சமையலறைச் சுவரில் தாள் ஒட்டிவைத்து, கேட்கக் கேட்க எழுதுங்கள். பதினைந்து இருபத்தைந்தாக ஆனாலும் ஆச்சரியமில்லை.

புரிதலையும் ஒரு தடவை சரியாகச் சோதியுங்கள். எல்லாம் புரிகிறது என்று சொல்லும் பல வீடுகளில், அவர்களுக்கே தெரியாமல் கண்ணாலும் கையாலும் காட்டிக்கொடுத்துவிடுகிறார்கள். கையைக் கட்டிக்கொண்டு, பொருள் இருக்கும் பக்கம் பார்க்காமல், "உன் ஷூ எங்க? எடுத்துட்டு வா" என்று சொல்லுங்கள். போய் எடுத்து வந்தால் நல்லது. விழித்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் மாமியார் சொன்னது. அவர் ஆறுதலுக்காகச் சொல்கிறார், அதில் உண்மையும் இருக்கிறது. இரண்டு வயதில் தாமதமாகப் பேசும் குழந்தைகள் பத்துக்கு ஒன்று, அல்லது அதைவிடச் சற்று அதிகம். அவர்களில் பாதிக்கு மேல் பள்ளி வயதுக்குள் மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். பிரச்சினை என்னவென்றால், எந்தக் குழந்தை எட்டிப் பிடிக்கும், எது பிடிக்காது என்று இந்த வயதில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதோடு, அப்பாவும் தாமதமாகப் பேசியவர் என்ற குடும்ப வரலாறு எங்கள் துறையில் பொறுத்திருக்க ஒரு காரணம் ஆகாது, சீக்கிரம் பார்க்கத்தான் காரணம். ஆண் குழந்தை என்பதும் அப்படித்தான். பெண் குழந்தைகளைவிடச் சற்றுப் பின்னால் வருவார்கள், வருடக்கணக்கில் இல்லை. இதை மாமியாரிடம் சண்டையாகச் சொல்ல வேண்டாம். சட்டை மாட்டும் விளையாட்டை அவருக்குச் சொல்லிக்கொடுங்கள். உங்களைவிட அவர் நன்றாகச் செய்யக்கூடும்.

நீங்கள் இப்போதே செய்ய வேண்டியது காது பரிசோதனை. "கூப்பிட்டா திரும்புறானே" என்பீர்கள். சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்துக்கொள்ளும் குழந்தைக்குக் கதவுச் சத்தமும் உரத்த குரலும் கேட்கும், மெல்லிய மெய்யொலிகள் மங்கிப்போகும். பிறந்தபோது எடுத்த பரிசோதனை சரியாக இருந்தது என்பதால் இப்போதும் சரியாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. இந்த வயதுக்கென்றே வலியில்லாத பரிசோதனைகள் இருக்கின்றன. நாக்கு ஒட்டியிருக்கிறதா என்று யாராவது கேட்டால் அதற்காக அலைய வேண்டாம். அது சில ஒலிகளின் உச்சரிப்பைத் தொடலாம், சொற்கள் வராமல் இருப்பதற்குக் காரணமாவதில்லை.

இரண்டு வயது முடியும்போது இரண்டு மொழியும் சேர்த்து ஐம்பது சொற்களுக்குக் குறைவாக இருந்தாலோ, "அம்மா வா", "பால் வேணும்" மாதிரி இரண்டு சொல் சேர்ந்து வராவிட்டாலோ பேச்சு-மொழிப் பயிற்சியாளரைப் பார்க்க வேண்டும். பல இடங்களில் நேரம் கிடைக்க வாரக்கணக்கில் ஆகும் என்பதால் இப்போதே பதிவு செய்துவையுங்கள். இடையில் அவன் நூறு சொல் பேசிவிட்டால் ரத்து செய்துகொள்ளலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அடிக்கடி திரும்பாமல் இருப்பது, கண்ணைப் பார்ப்பது குறைவது, எதையும் உங்களிடம் காட்டிப் பகிர்ந்துகொள்ளாமல் இருப்பது, முக்கியமாக ஏற்கெனவே சொன்ன சொற்களை இழப்பது, இவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தால் அந்தத் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். குழந்தை மருத்துவரிடம் அந்த வாரமே போய்விடுங்கள். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பயிற்சியாளரிடம் போகும்போது சுவரில் ஒட்டிய அந்தத் தாளைக் கழற்றி எடுத்துக்கொண்டு போங்கள். வீட்டில் அவன் விளையாடும்போதும் குளிக்கும்போதும் போனில் எடுத்த ஓரிரு சின்ன வீடியோக்களும் இருக்கட்டும். புது அறையில் புது ஆளைப் பார்த்ததும் பெரும்பாலான குழந்தைகள் உங்கள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாயே திறக்க மாட்டார்கள். அந்த அரைமணி நேரத்தைவிட உங்கள் தாளும் வீடியோவும்தான் எங்களுக்கு அதிகம் சொல்லும்.